வாவியில் நட்ட கண்டலும் உன் துறைமுகத்தின் கணக்கும்

மகன்,

இதை மத்தியானம் சாப்பிட்ட பிறகு படி. வெறும் வயிற்றில் என் கடிதத்தைப் படித்தால் உனக்குக் கோபம் வரும், சாப்பிட்ட பிறகு படித்தால் நித்திரை வரும். இரண்டில் நித்திரை பரவாயில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே கணினியில் வேறு வேலை பார்ப்பவன். தட்டுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கும். வைகாசியில் உனக்குக் கலியாணம். அதற்கு முன்னால், பங்குனிக்குள், உன் துறைமுகத்தின் காபன் அறிக்கையை நீ முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், நாவற்குடாவில் எங்கள் வளவுக்குப் பின்னால், சேற்றில் செத்து நிற்கின்றன நீங்கள் நட்ட கண்டல் கன்றுகள். அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இது உனக்கு எழுதுவதுதான், ஆனால் மூடி ஒட்டின கடிதம் அல்ல. முதலில் நீ படி. நீ சரி என்றால் இதைப் பத்திரிகைக்கும் கொடுப்பேன். கன்று நட்ட அன்று அந்தக் கரையில் நின்றவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று துடிக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். துறைமுகத்தின் பெயரை எழுதமாட்டேன், உன் பெயரையும் எழுதமாட்டேன். என் பெயர் யாருக்கு வேண்டும்?

போன வருடம் நீ அப்பாவையும் என்னையும் உன் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அப்பா பாரந்தூக்கிகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைக்கவசமும் மினுங்குகிற மேற்சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய கப்பலின் வயிற்றுக்குப் போகிற தடித்த மின்கம்பியைக் காட்டி, "அம்மா, இந்தக் கப்பல் இப்ப எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நிக்கிது. கரையில இரிந்து நாங்க கரண்ட் குடுக்கிறம். புகை இல்ல, பாருங்க" என்றாய். எனக்குப் புகையும் தெரியவில்லை, புகை இல்லாததும் தெரியவில்லை. உன் முகத்தில் இருந்த வெளிச்சம் தெரிந்தது, அது போதும் என்று தலையாட்டினேன். பிறகு தேநீர் குடித்தபடி விளங்கப்படுத்தினாய். துறைமுகத்தின் புகையை மூன்று கூடைகளில் போட்டுக் கணக்கெடுக்கிறீர்களாம். முதலாவது, துறைமுகமே எரிக்கிற எண்ணெய். இரண்டாவது, துறைமுகம் வாங்குகிற மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது. மூன்றாவது, உங்களிடம் வந்து போகிற கப்பல்களும் லொறிகளும் எரிப்பது. நான் என் சமையலறையை நினைத்துக்கொண்டேன். என் அடுப்புப் புகை, நான் வாங்குகிற பாணுக்காகப் பேக்கரியில் எழும்புகிற புகை, என் வீட்டு விருந்துக்கு வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள் புகை. "விருந்துக்கு வாற ஆக்கள்ட புகையும் வீட்டுக்காரன்ட கணக்கா?" என்று கேட்டேன். "அதுதான் அம்மா பெரிய கூடை. எல்லாரும் அதத்தான் நைசா விட்டுப்போட்டுப் போகப் பாப்பாங்க" என்றாய்.

அந்தப் பெரிய கூடைக்காக நீ என்ன பாடு பட்டாய் என்பதை உன் சிநேகிதன்தான் அன்று எங்களிடம் சொன்னான், நீ சொல்லவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கும் வரை வெளியே கடலில் நங்கூரம் போட்டுக் காத்து நிற்கிற கப்பல்களின் புகையை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லையாம். அவை உள்ளே வரவில்லையே, அது எங்கள் புகை அல்லவே என்பது அவர்களுடைய நியாயம். நீயோ, எங்களிடம் இடம் இல்லாதபடியால்தானே அவை அங்கே நின்று எரிக்கின்றன, அப்போது அது எங்கள் புகைதான் என்று ஒற்றைக்காலில் நின்றாயாம். கணக்கு ஏறிப்போய், உன் மேலதிகாரி கொஞ்ச நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கடைசியில் சேர்த்துக்கொண்டார்களாம். மகன், உனக்குப் பரிசு கிடைத்தபோதெல்லாம் நான் சந்தோசப்பட்டிருக்கிறேன். ஆனால் இதைக் கேட்டபோது வந்த சந்தோசம் வேறு. யாரோ முகம் தெரியாத சனத்துக்காக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒழுங்காக எண்ண வேண்டும் என்று என் பிள்ளை சண்டை பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உனக்கு இந்தக் குணம் எங்கள் இருவரிடமிருந்தும் வரவில்லை என்பதை அப்பாவும் ஒத்துக்கொள்கிறார். அவருடைய வேன் ஞாபகம் இருக்கிறதா? வருடா வருடம் அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். டவுனில் ஒரு மெக்கானிக் இருந்தார். பரிசோதனைக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தால் டீசல் பம்பை இறுக்கி விடுவார். வேன் நோயாளி மாதிரி இருமாமல் புகைக்காமல் போய்ப் பாஸாகி வரும். மறுநாள் திரும்ப இளக்கி விடுவார், பழையபடி கறுப்புப் புகைதான். நீ உயர்தரம் படித்த காலத்தில் ஒருநாள் சான்றிதழும் கையுமாகத் திரும்பி வரும்போது, இறுக்கின பம்போடு வேன் கல்லடிப் பாலத்தில் ஏறமாட்டேன் என்று முனகியது. பின்னால் வந்தவன் எல்லாம் ஹோர்ன் அடிக்கிறான். நீ முன் சீட்டில் இருந்துகொண்டு, "அப்பா, இந்த சேட்டிபிக்கட் வேனுக்கா, இண்டைக்கு ஒருநாளுக்கா?" என்று கேட்டாய். அப்பா கியரை மாற்றினார். நான்தான் பின்னாலிருந்து, "எல்லாரும் செய்யிறதுதானே, பெரிய மனிசன் மாதிரிக் கதைக்காத" என்று உன்னை அதட்டினேன். அடுத்த வருடம் அப்பா யாரிடமும் சொல்லாமல் எஞ்சினை ஒழுங்காகத் திருத்தினார். அதட்டியதற்காக உன்னிடம் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நீ கேட்டது சரியான கேள்வி.

இனிக் கண்டல் கதைக்கு வருகிறேன். தன் வேலிக்குள் எழும்புகிற புகையைப் படிப்படியாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்குவோம் என்று உன் துறைமுகம் உலகறிய வாக்குக் கொடுத்திருக்கிறது. எப்படிக் குறைத்தாலும் மிஞ்சுகிற கொஞ்சத்துக்கு ஈடாக எங்காவது மரம் நடுவது என்று தீர்மானம். வாவிக்கரைச் சேற்றில் வேரூன்றுகிற கண்டல் என்றால் காற்றிலிருந்து இழுத்த காபனைச் சேற்றுக்குள் புதைத்து வைக்குமாம். எங்கே நடலாம் என்று கூட்டத்தில் கேட்டபோது நீ எழும்பி, எங்கள் ஊர் வாவியில் நடலாம் என்றிருக்கிறாய். அன்று பின்னேரம் போன் எடுத்து இதை எனக்குச் சொன்னபோது நீ தட்டச்சு ஒன்றும் செய்யவில்லை. மூச்சு வாங்க வாங்கக் கதைத்தாய். ஊருக்கு ஒன்று கொண்டுவருகிறோம் என்ற ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்தோம். உன் மேலதிகாரி வரக்கூடிய கிழமையும், ஐயர் சொன்ன சுபநேரமும், உனக்கு லீவு கிடைத்த நாட்களும் ஒன்றாகப் பொருந்தி வந்தது தெய்வச் செயல் என்று நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். கரையில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, மேளமும் பிடித்திருந்தோம். சித்தாண்டியிலிருந்து சுகிர்தாவும் வந்திருந்தாள். உனக்கும் அவளுக்கும் சம்பந்தம் பேசி முடித்த புதிது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி உன் பக்கத்தில் ஒரு கன்றை நட்டபோது, நின்ற பெண்டுகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் நட்டது வாவி வற்றிக் கிடந்த காலத்தில், பரந்த வெறும் சேற்றில். பழைய கண்டல் பற்றைகள் நிற்கிற வரிசைக்கு நன்றாகக் கீழே. அந்த இடத்தில் காணிப் பிரச்சினை இல்லை, வாகனம் கிட்ட வரலாம், படத்துக்கும் நன்றாக இருக்கும். உங்கள் துறைமுகத்தின் கைநூலிலும் ஏற்ற நீருக்கும் வற்று நீருக்கும் நடுவில் நட வேண்டும் என்றுதான் இருந்ததாக நீ சொன்னாய்.

ஆனால் எங்கள் வாவி தினமும் ஏறி இறங்குகிற கடல் அல்ல என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அன்று மேளம் அடித்தவனுக்கும் தெரியும். கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கிற காலத்தில் இங்கே ஏற்றமும் இல்லை, வற்றும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் நீர் ஏறும். ஏறினால் ஏறினபடி நிற்கும், அந்த மணலை அறுத்து ஆற்றுவாய் வெட்டிக் கடலுக்கு விடும் வரைக்கும். எப்போது வெட்டுவது என்பது பெரிய வழக்கு. மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த காலத்தில் அந்தக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதினவள் நான். வேளாண்மைக்காரர் வந்து, வயல்வட்டை எல்லாம் தண்ணிக்குள், பயிர் அழுகுது, இன்றைக்கே வெட்டுங்கள் என்பார்கள். தோணிக்காரர் எழும்பி, இப்போதே வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்வதில்லை. அதனால்தான் முடிவு எடுக்க நாள் எடுக்கும். அந்த நாட்கள் எல்லாம் நீர் அப்படியே நிற்கும், உன் முழங்கால் உயரக் கன்றுகளின் தலைக்கு மேலே.

பிறகு ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? எங்கள் சனம் நிறைகுடம் வைத்த இடத்தில் "வேண்டாம்" என்ற சொல்லைச் சொல்லாது. கலியாண வீட்டில் சோறு அடிப்பிடித்தாலும், நல்ல பதம் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கிற ஆட்கள் நாங்கள். நல்ல காரியத்தில் குறை சொல்லி, நாளைக்கு ஒன்று பிழைத்தால், உன் நாக்குத்தான் கரிநாக்கு என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். நானும் அந்தச் சேற்றைப் பார்த்தேன். கார்த்திகையில் இது எங்கே போகும் என்று ஒரு கணம் நெஞ்சில் வந்தது. பிறகு உன் மேலதிகாரி உன் தோளில் தட்டுவதைப் பார்த்தேன். எனக்குப் பெருமை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வடை பரிமாறப் போய்விட்டேன்.

தை கழிந்து நீ போன் எடுத்து, அறிக்கையில் போட வேண்டும், கன்றுகளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றாய். ஆற்றுவாய் வெட்டி நீர் இறங்கியிருந்தது. பக்கத்து வளவு சிவலிங்கம் தோணியில் ஏற்றிக்கொண்டு போனான். உனக்குத் தெரியும், அவன் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டான், அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. கிட்டப் போனதும் எனக்கு விளங்கியது. நட்ட கம்புகள் நட்டபடி வரிசையாக நின்றன. இலை இல்லை. தொட்டால் தோல் கையோடு வந்தது, உள்ளே கறுத்து அழுகிப் போயிருந்தது. மேலே, பழைய பற்றைகளின் காலடியில், யாரோ மிஞ்சின கன்றுகளைச் சும்மா குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அவை மட்டும் பச்சைப் பசேல் என்று இரண்டு இலை விட்டு நின்றன. அதை வெட்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் அக்கா. இது மாரிக்கு தண்ணி நிக்கிற இடம்தானே. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான். பிறகு அவனே, "நிறைகுடம் வெச்சி மேளம் அடிக்கிற இடத்தில என்னெண்டு அக்கா சொல்லுற? மறுகா உங்கட மகன்ட முகம் வாடிப்போயிரும். அதான் நாங்களும் கைதட்டிப்போட்டு வந்த" என்றான். உன் மேல் இருந்த அன்பினால்தான் அவனும் கைதட்டியிருக்கிறான், மகன்.

படங்களை அனுப்பினேன். அடுத்த நிமிடமே நீ எடுத்தாய். அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, இந்த வருச ரிப்போர்ட்ல போறது நட்ட கணக்குத்தான். தப்பினது எத்தின எண்டு மறுகா ஒரு வருசத்திலதான் பாப்பாங்க. நட்டது நட்டதுதானே, அதில பொய் இல்ல." சொல்லும்போதே உன் குரல் மாறியது. "இடத்தக் காட்டினது நான். எழுதினா என்ட தலையிலதான் விழும். வேலை போனா விசா போகும். கலியாணத்துக்கு நாள் வெச்சாச்சி. சித்தாண்டி மாமாக்கிட்ட என்ன சொல்லுற? வெளிநாட்டு மாப்பிள்ள எண்டுதானே பேசி முடிச்ச" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மண்டபம், சமையல், காத்தான்குடியில் எடுத்த சேலை என்று மட்டும்தான் கதைக்கிறோம். கண்டலைப் பற்றி நீயும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. எங்களுக்குப் பழகிப்போன வேலைதானே அது.

நான் யோசித்ததைச் சொல்கிறேன், கோபிக்காமல் கேள். நீ சொன்னது பொய் இல்லைதான். நட்டது உண்மை. அப்பாவின் வேன் அன்று ஒருநாள் புகைக்காமல் போனதும் உண்மைதான். ஆனால் உன் மூன்று கூடைக் கணக்கை எனக்கு விளங்கப்படுத்தினவன் நீ. இந்த மரங்கள் வளர்ந்து காபனை இழுக்கும் என்ற நம்பிக்கையில் அங்கே ஒரு இயந்திரம் இன்னும் கொஞ்சக் காலம் டீசலில் ஓடட்டும் என்று விட்டிருப்பார்கள், இல்லையா? அந்தப் புகை உண்மையாகவே எழும்பிப் போய்விட்டது. அதை இழுக்க வேண்டிய மரம் இங்கே இல்லை. நட்ட கணக்கு என்று எழுதினால், இல்லாத மரத்தின் பெயரில் இருக்கிற புகை மன்னிக்கப்பட்டுவிடும். நங்கூரம் போட்ட கப்பல்களின் புகைக்காக மேலதிகாரியோடு முட்டினவன், தன் ஊர்க் கன்றுகள் என்று வந்ததும் கண்ணை மூடுகிறாய். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. சிரிக்கிறாயா? சிரி. எனக்கும் எழுதும்போது சிரிப்பு வந்தது. ஆனால் வாக்கைக் கொடுத்தது துறைமுகம் என்றாலும், அந்த வாக்கை உலகத்துக்கு எண்ணிக் காட்டுகிற கை உன்னுடையது.

செத்தது என்று மட்டும் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. ஏன் செத்தது என்று எழுது. எங்கள் வாவிக்கு வாய் மூடுகிற காலம் ஒன்று இருக்கிறது என்று எழுது, உங்கள் கைநூலில் அது இல்லை. இனி நடுவதென்றால் பழைய பற்றைகள் நிற்கிற மட்டத்தில், ஆற்றுவாய் வெட்டி நீர் இறங்கின பிறகு, தோணிக்காரரையும் வேளாண்மைக்காரரையும் ஒன்றாக இருத்திக் கேட்டுவிட்டு நட வேண்டும் என்று எழுது. நல்ல நேரம் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், உன் தாய்க்கு அந்த அளவு துணிவு இல்லை. நேரத்தையும் பார்க்கலாம், தண்ணீரையும் பார்க்கலாம். இடத்தைக் காட்டினது நான் என்று எழுத வேண்டி வந்தால் அதையும் எழுது. பக்கத்தில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுது. இதை எல்லோரும் படிக்கக் கொடுக்க நினைப்பதே அதற்காகத்தான். பழி முழுவதையும் நீ தனியாகச் சுமக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அறிவுரை சொல்ல எனக்கென்ன, வேலை போவது உனக்குத்தானே? உன்னை அங்கே தடுத்து நிற்பது அறிக்கை அல்ல, சித்தாண்டிச் சம்பந்தம். அதைத் தெரிந்துகொண்டே "துணிந்து எழுது மகன்" என்று இங்கே கதிரையில் இருந்துகொண்டு சொல்வது நியாயமா? அதனால் போன கிழமை, நாள் நட்சத்திரம் ஒன்றும் பார்க்காமல், அப்பாவை வேனை எடுக்கச் சொன்னேன். எங்கே, எதற்கு என்று கேட்டுவிட்டு அப்பா வேன் திறப்பை மேசையில் வைத்துவிட்டார். "கலியாணம் பேசின வீட்டுக்குப் போய், மாப்பிள்ளைக்கு வேலை போகலாம் எண்டு சொல்லுற தாய நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார். "நானும் கேள்விப்படல்ல, எழும்புங்க" என்றேன். செங்கலடி தாண்டும் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

சுகிர்தாவின் தகப்பன் புதுவீட்டின் கூரைச் சீற்றுக்கு அளவு எடுத்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மகளுக்கு அவர் கட்டுகிற வீடு, கலியாணத்துக்குப் பிறகு நீயும் போய் இருக்கப்போகிற வீடு. என்னைக் கண்டதும், காத்தான்குடியில் எடுத்த சேலை எனக்குப் பிடிக்கவில்லையோ என்று பயந்துபோனார். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன், உள்ளே போய் இருந்தால் எனக்கு வாய் வராது என்று தெரியும். கன்றுகள் செத்துவிட்டன, மகன் அதை ஒழுங்காக எழுத வேண்டும், எழுதினால் வேலை போகலாம், வெளிநாட்டு மாப்பிள்ளை என்று பேசினோம், அப்படி இல்லாமலும் போகலாம், உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றேன். அப்பா எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

சுகிர்தாவின் தகப்பன் அளவு நாடாவைச் சுருட்டினார். "தங்கச்சி, இந்த மாரியில என்ட வட்டையும் தண்ணிக்குள்ளதான் கிடந்த. வேளாண்ம அழுகினத்துக்கு விளைஞ்சது எண்டு எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்டா நான் எழுதுவனா?" என்றார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "இத என்ட மகளுக்குக் கட்டுறன். மாப்பிள்ளைட விசாவுக்குக் கட்டல்ல. வேல போனா இஞ்ச வந்து இரிக்கச் சொல்லுங்க. வேற வேல தேடட்டும். வீட்டுக்குள்ள வாங்க, வெயிலுக்க நிண்டு என்ன கதை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, மகன். வீட்டுக்குள் போய்த்தான் அழுதேன். சுகிர்தா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். கன்று செத்ததற்கோ வேலை போவதற்கோ அவள் முகம் வாடவில்லை. வேறு ஒன்றுக்கு வாடியிருந்தது.

"மாமி, தினம் தினம் கதைக்கிறம். இதப் பத்தி அவர் எனக்கு ஒண்டுமே சொல்லல்ல. வேல இல்ல எண்டா நான் வேணாம் எண்டு சொல்லிருவன் எண்டு நினைச்சிட்டாரா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. நான் சொல்லவில்லை. அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல. நீ அவளுக்கு இன்றைக்கே போன் எடுத்துப் பதில் சொல், பிறகு போய் இருந்து அறிக்கையை எழுது. அது உன் வேலையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கலியாணம் நிற்காது, மகன்.

அம்மா